நிலையமில்லாத் தீயணைப்பு

எந்தத் தீக்கும் அசையாத எங்கள் தீயணைப்பு நிலையம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த ஒரு சொற்பொழிவில் காலியாகிவிட்டது.

விஷயம் சின்னது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பழைய கணினி இருந்தது. ஊரில் யாராவது "தீ" என்று போன் செய்தால் எங்களுக்கு மணி அடிப்பது அதன் வேலை. ஒரு நாள் அதுவே புகைய ஆரம்பித்தது. தீயணைப்பு நிலையத்துக்குள்ளேயே புகை என்றால் வெளியே சொல்ல முடியுமா? மூச்சுக் காட்டாமல் ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். நல்ல மனிதர், பாவம். அப்போது அவருக்கு இரண்டு காதும் கேட்டது.

அவர் திரையில் ஒரு மேகப் படத்தைப் போட்டுவிட்டுப் பேசினார். "சர்வர்னு ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி, ரூம் கட்டி, ஏசி போட்டு, நீங்களே காவல் காக்க வேண்டியதில்லைங்க. சர்வர்லெஸ்னா சர்வரே இல்லைன்னு இல்ல. அது எங்கயோ இருக்கும், வேற யாரோ பாத்துக்குவாங்க, நமக்கு அந்தக் கவலை கிடையாது. நாம எழுதிக் குடுக்கிறது ஒரு சின்ன வேலை. அதை கிளவுட் ஃபங்ஷன்னு சொல்லுவோம். போன் வந்தா அது முழிச்சுக்கும், மணி அடிக்கும், மறைஞ்சுடும். பத்து போன் வந்தா பத்து முழிச்சுக்கும். ஓடுற நேரத்துக்கு மட்டும்தான் கட்டணம். போனே வரலைன்னா ஒண்ணுமே இருக்காது."

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த எங்கள் இயக்குநர் கண்ணைத் திறந்தார். "ஒண்ணுமே இருக்காதா?"

"இருக்காதுங்க."

இயக்குநர் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் இருந்தோம். தீயே இல்லாத அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

ஆலோசகர் கஷ்டங்களையும் மறைக்காமல் சொன்னார். ரொம்ப நேரம் சும்மா கிடந்தால் முதல் தடவை எழ நேரமாகும். ஒரு வேலைக்கு இவ்வளவுதான் நேரம் என்று வரம்பு உண்டு, தாண்டினால் பாதியிலேயே வெட்டிவிடும். ஒரே அழைப்பு சில சமயம் இரண்டு தடவை வந்துவிடும். முக்கியமாக, போன தடவை செய்தது எதுவும் அதற்கு ஞாபகம் இருக்காது.

"ஏதாவது ஞாபகம் வெச்சுக்கணும்னா, வெளியில ஒரு இடத்துல எழுதி வெச்சிடணும்" என்றார்.

"அதுக்குத் தனியாக் காசா?"

"கொஞ்சம் ஆகுங்க."

"அப்ப வேண்டாம்" என்று இயக்குநர் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "இந்தப் பதவிக்கு வந்த நாள்ல இருந்து ஒரே ஒரு கேள்வி என் மண்டையைக் குடையுது. தீ எப்பவாவதுதான் பிடிக்குது. இவங்க மட்டும் ஏன் எப்பவும் இருக்காங்க? தீ இல்லாத நேரத்துல தீயணைப்பு வீரன்னா யாரு? கொட்டாவி விடுற ஒரு ஆள். நான் யாரையும் குறை சொல்லலை. நானும் சும்மாதான் இருக்கேன். ஆனா நான் சும்மா இருக்கிறது நிர்வாகம்!"

"ஐயா, இது கம்ப்யூட்டருக்குச் சொன்னதுங்க" என்று ஆலோசகர் பதறினார்.

"உங்க யோசனையோட பெருமை உங்களுக்கே தெரியலை, தம்பி. உக்காருங்க."

இப்படித்தான் 'நிலையமில்லாத் தீயணைப்புச் சேவை' பிறந்தது. மறுவாரமே இடிக்கும் இயந்திரம் வந்தது. மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. சுவர் விழுந்து சோப்பு நுரையோடு அவரைத் தோண்டி எடுத்தோம். அதைத் துவக்க விழாவின் செயல்விளக்கம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள்.

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். ஏணி ஏறுவது அவர் வேலை, ஆளும் அந்த உயரம், அதனால் ஊருக்கே அவர் 'ஏணி'. எனக்குப் பெண் கொடுத்தவரும் அவர்தான், வேலையில் என் ஜோடியும் அவர்தான். நாங்கள் கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று தினமும் ஒன்றையே சொல்வாள்: "ஒண்ணாப் போறீங்க, ஒண்ணா வரணும். ஒருத்தர் மட்டும் வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு விளையாட வராது.

அவள் கவலைக்கு எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. வண்டியின் பக்கவாட்டில் ஆணி அடித்த ஒரு பலகை. எரியும் கட்டடத்துக்குள் போகிறவன் கழுத்தில் கிடக்கும் பித்தளை வில்லையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் வண்டி நகராது. எந்தப் பெரிய ஆள் வந்து கத்தினாலும் நகராது. மச்சானுடையது எட்டாம் எண் வில்லை, எண் நன்றாகப் புடைத்துக்கொண்டிருக்கும்.

இயக்குநர் அந்தப் பலகை முன்னால் வந்து நின்றார். "இது எதுக்கு?"

"உள்ள யார் இருக்காங்கன்னு ஞாபகத்துக்குங்க" என்றார் மச்சான்.

"ஞாபகமா?" இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். "இது ஞாபகம்தானே?"

"ஒரு வகையில ஆமாங்க. ஆனா..."

அந்த 'ஆனா' முடிவதற்குள் இயக்குநர் கோடாலியை எடுத்துப் பலகையை இரண்டாகப் பிளந்துவிட்டார். ஒரு சிராய் பறந்து ஓட்டுநரின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் ஒழுக ஒழுக அவரும் கைதட்ட வேண்டியிருந்தது. வில்லைகளை மூட்டை கட்டி உருக்க அனுப்பினார்கள். மச்சான் மட்டும் தன்னுடையதைக் காலுறைக்குள் ஒளித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் முன் அதை என் கையில் அழுத்துவார். "பிடி மாப்ளே. வந்து வாங்கிக்கிறேன்."

எங்களுக்குப் புதுப் பெயர் 'செயற்கூறு', ஆலோசகர் சொன்ன அந்த ஃபங்ஷனுக்குத் தமிழ். நாங்கள் இருந்த இடத்துக்குப் பெயர் 'மேகம்'. தகரக் கூரை போட்ட ஒரு கிடங்குதான், மரப்பலகை அடித்து ஆளுக்கொரு அறையாகத் தடுத்திருந்தார்கள். அழைப்பு வராதவரை விளக்குக் கிடையாது, பேச்சுக் கிடையாது, ஏனென்றால் நாங்களே கிடையாது. தலைக்கவசம் ஒரு பெட்டியில், அதன் வார் இன்னொரு பெட்டியில், குழாய் ஒரு மூலையில், அதன் வாய் வேறொரு மூலையில். அழைப்பு வந்த பிறகு எல்லாவற்றையும் தேடிப் பூட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். வீடுகள் சாம்பலானதும் சனங்கள் கூச்சல் போட்டார்கள். இயக்குநர் அறிக்கை விட்டார்: "முதல் அழைப்புக்குத் தாமதம் ஆவது இயல்பு. பொதுமக்கள் அவ்வப்போது வீட்டில் ஒரு சின்னத் தீ வைத்து எங்களை அழைத்துக்கொண்டிருந்தால், பெரிய தீக்கு நாங்கள் சூடாகத் தயாராக இருப்போம்." நம்பிச் சிலர் வைத்தும் பார்த்தார்கள். அவர்கள் வீடு இப்போது இல்லை.

வேலையை நேரத்தில் முடிக்கவைப்பதற்கு 'முடிப்பாளர்கள்' என்று தடியன்களைச் சேர்த்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் விசில். விசிலுக்கு வராதவனைத் தடியால் அடித்து இழுத்து வருவார்கள். மேகத்துக்குத் திரும்பியதும் வாசலில் காவலனின் ஞாபகச் சோதனை.

"இப்ப எங்க போயிட்டு வந்த?"

முதல் நாள் பம்புக்காரர் வெள்ளந்தியாகத் தெருப் பெயரைச் சொன்னார். அவன் விட்ட அறையில் கடைவாய்ப்பல் தெறித்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் தெரு மட்டும் ஞாபகமில்லை என்றார். 'மட்டும்' என்ற சொல்லுக்கு அவருக்கு மூக்கு உடைந்தது. என் முறை வந்தபோது சரியான விடை பிடிபட்டுவிட்டது.

"ஞாபகம் இல்லைங்க."

"சபாஷ். உள்ள போ."

ஒரு பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துணி பற்றிக்கொண்டது. வாளித் தண்ணீரில் அணைந்துவிடும். ஆனால் தெருவே போன் செய்துவிட்டது. ஒரு போனுக்கு ஒரு குழு என்பது கணக்கு. அத்தனை குழுவும் ஒரே கதவில் வந்து முட்டின. யார் அணைத்தார்களோ அவர்கள் பெயரில்தான் வெற்றி பதிவாகும், மற்றவர்களுக்குத் தோல்வி. தோற்றவர்களுக்கு மேகத்தில் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகென்ன, குழாயால் அடித்துக்கொண்டோம், ஏணியால் குத்திக்கொண்டோம். குறுக்கே வந்த பேக்கரிக்காரரின் விலா எலும்பு முறிந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஆலோசகரின் காதில் குழாயின் பித்தளை வாய் பட்டு ரத்தம் கொட்டியது. சண்டையில் சிந்திய தண்ணீரிலேயே தீ அணைந்துவிட்டது. துறை அதை முழு வெற்றி என்று பதிவு செய்தது.

இன்னொரு வீட்டில் காலையில் தீயை அணைத்து, அந்த வீட்டு அம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றினோம். அதே அழைப்பு மதியம் இரண்டாம் தடவை வந்தது. வேறு குழு போனது. புதிதாக மாட்டிய கதவை உடைத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாளைத் தட்டோடு தூக்கி ஜன்னல் வழியாக வலைக்குள் வீசினார்கள். கணவர் குறுக்கே நின்று, "ஏம்பா, காலையிலதானே காப்பாத்துனீங்க!" என்று கத்தினார். அவரையும் காப்பாற்றினார்கள். அதில் அவருக்குக் கை முறிந்தது.

இதையெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் சிரித்துச் சிரித்து மனைவியிடம் சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள். "அந்தப் பலகை இல்லாம எங்க அண்ணன் உள்ள இருக்காரா வெளிய இருக்காரான்னு யாருக்குத் தெரியும்?" என்பாள். "எனக்குத் தெரியும்டி" என்பேன்.

பிறகு பெயின்ட் கிடங்கு பற்றிக்கொண்டது.

நல்ல வெயில் நேரம். என் அறை விளக்கும் மச்சான் அறை விளக்கும் எரிந்தன. கவசத்துக்கு வார் தேடி மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மேல்மாடி முழுக்கக் கரும்புகை. மச்சான் வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். "பிடி மாப்ளே." இரண்டு பேரும் ஏறினோம். காவலாளி படிக்கட்டில் மயங்கிக் கிடந்தார். நான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பின்னால் பெயின்ட் டின்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம். அப்புறம் இரும்பு அலமாரி சரியும் சத்தம். அப்புறம் "மாப்ளே!" என்று ஒரு கூப்பாடு.

காவலாளியை வாசலில் கிடத்திவிட்டுத் திரும்பினேன். விசில் ஊதியது. இரண்டு முடிப்பாளர்கள் என்னைப் பிடித்தார்கள்.

"யோவ், உள்ள என் மச்சான் இருக்காரு!"

"நேரம் முடிஞ்சுது."

"எனக்கு முடிஞ்சுது. அவரு உள்ள மாட்டிக்கிட்டாரு!"

"அவருக்கும் முடிஞ்சுது. முடிஞ்சவரு உள்ள இருக்க முடியாது. அதனால வெளியதான் இருக்காரு."

"வெளிய எங்கய்யா இருக்காரு?"

"அது தெரியாது. விதிப்படி வெளிய."

ஒருவன் மூக்கில் குத்தினேன். பதிலுக்கு முழங்காலில் தடி இறங்கியது. கையைப் பின்னால் முறுக்கியதில் தோள்மூட்டு நழுவிவிட்டது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த என் மனைவி, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "எங்க அண்ணன் எங்கேங்க?" என்றாள். நான் கையைத் திறந்து வில்லையைக் காட்டினேன். வண்டிக் கதவு அறைந்து மூடியது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

மேகத்தில் காவலன் கேட்டான். "இப்ப எங்க போயிட்டு வந்த?"

"பெயின்ட் கிடங்கு! என் மச்சான் உயிரோட வேகுறாரு! ஆள் அனுப்புய்யா!"

அறைந்தான். "உனக்கு மச்சானே கிடையாது. நீ இன்னும் பொறக்கவே இல்ல. அழைப்பு வரட்டும், அப்பப் பொறப்ப."

அழைப்பு வந்தால்தான் ஆள் போகும். அது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. அவன் மூஞ்சியில் என் நெற்றியால் ஒரு முட்டு முட்டினேன். ஏதோ நொறுங்கியது, அவனுடையதுதான். அவன் சரிந்ததும் சட்டைப்பையிலிருந்து போனை உருவித் தீயணைப்பு எண்ணை அழுத்தினேன். "பெயின்ட் கிடங்கில் தீ." இரண்டு அறைகளில் விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன். இன்னும் இரண்டு. கட்டைவிரல் மரத்துப்போகிறவரை அழுத்தினேன். மேகம் முழுக்க விளக்கு எரிந்தது. இருட்டில் கிடந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏணி உள்ள மாட்டிக்கிட்டாரு" என்றேன்.

யாரும் தலைக்கவசத்துக்கு வார் தேடவில்லை. கோடாலிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கிடங்கு வாசலில் முடிப்பாளர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவன் விசிலை வாயில் வைத்தான். பம்புக்காரர் ஓங்கி ஒரு குத்து விட்டார், விசில் தொண்டைக்குள் போய்விட்டது. அதன் பிறகு அவன் மூச்சு விடும்போதெல்லாம் ஊதிக்கொண்டே இருந்தான், யாரும் மதிக்கவில்லை. நெற்றியில் தழும்பு இருந்த ஓட்டுநர் தண்ணீரை முழு அழுத்தத்தில் திறந்து இரண்டு பேரைச் சுவரில் அறைந்தார். தடிகள் ஒடிந்தன, தாடைகள் ஒடிந்தன. படிக்கட்டு நெடுக எங்கள் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டே வழியைப் பிடித்துவைத்தார்கள். நான் ஒரு கையோடு மேலே ஏறினேன்.

மச்சான் அலமாரிக்கு அடியில் கிடந்தார். நினைவு இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை. நான்கு பேர் சேர்ந்து இரும்பைத் தூக்கி அவரை உருவினோம். அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"வில்லை எங்க மாப்ளே?" என்றார்.

"இந்தா."

"நீயே வெச்சிரு. நான் இன்னும் வெளிய வரலையே."

கீழே கொண்டுவந்தபோது இயக்குநர் கேமராக்களோடு வந்து சேர்ந்திருந்தார். அடிபட்டுக் கிடந்த முடிப்பாளர்களைத் தாண்டி வந்து ஒரு வாளியின் மேல் ஏறி நின்றார். "பாருங்க! ஒரே ஒரு தீ! அதுக்கு நம்ம மொத்தத் துறையும் தானாப் பெருகி வந்து நிக்குது! யாரும் உத்தரவு போடலை! நான் ஆபீஸ்ல தூங்கிட்டிருந்தேன், ஆனாலும் நடந்துச்சு! இதைவிட என் தலைமைக்கு என்ன சாட்சி வேணும்?"

என் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயா, எங்க அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். உங்க வண்டியைக் குடுங்க."

"இவர் யாரு?"

"ஏணிங்க. உங்க ஆளு."

இயக்குநர் குனிந்து பார்த்தார். "இவரோட அழைப்பு எப்பவோ முடிஞ்சுபோச்சேம்மா. முடிஞ்சுபோன செயற்கூறு இருக்காது. இல்லாத ஆளுக்கு எப்படி வண்டி குடுக்கிறது? தணிக்கையில கேப்பாங்க. நீங்க கவலைப்படாதீங்க, அடுத்த தீ பிடிச்சா முழுசாப் பொறந்து வருவாரு."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களா?"

நான் நிற்கவில்லை. வில்லை கையிலேயே இருந்தது, அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, நல்ல தோளின் முழு பலத்தையும் சேர்த்து அவர் கன்னத்தில் இறக்கினேன். தாடை 'மடக்'கென்றது. இயக்குநர் வாளிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய காரில்தான் மச்சானை ஏற்றிக்கொண்டு போனோம். கால் போய்விட்டது. ஆள் பிழைத்துவிட்டார். அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் கழுத்தில் வில்லையை நானே மாட்டினேன். என் மனைவி என் வீங்கிய முட்டியில் ஈரத்துணி கட்டினாள், கதவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் போலீஸ் அதிகாரி மேகத்துக்கு வந்தார். பக்கத்தில் தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு இயக்குநர், அந்தப் பக்கம் ஆலோசகர். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"ஐயாவை யார் அடிச்சது?"

"ஞாபகம் இல்லைங்க" என்றார் பம்புக்காரர்.

"நீ சொல்லு."

"ஞாபகம் இல்லைங்க" என்றார் ஓட்டுநர்.

வரிசை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தது. என் முறை வந்தபோது நானும் அதையே சொன்னேன். இயக்குநர் என்னைக் கைகாட்டி "ம்ம்! ம்ம்!" என்று குதித்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்தக் கன்னத்தைக் கவனித்தார். வீக்கத்துக்கு நடுவே கருநீலத்தில், அச்சடித்த மாதிரி ஓர் எட்டு.

"இது என்ன நம்பர்? உங்கள்ல எட்டாம் நம்பர் யாரு?"

"துறையில நம்பர் வில்லையே கிடையாதுங்க" என்றேன். "ஐயாவே கோடாலியால ஒழிச்சிட்டாரு."

அதிகாரி ஆலோசகரிடம் வந்தார். "நீங்க படிச்சவரு. இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆலோசகர் கேட்காத காதைத் தடவிக்கொண்டே அந்த எட்டைக் குனிந்து பார்த்தார்.

"ஞாபகம் வெச்சுக்க வேண்டியதை வெளியில ஒரு இடத்துல எழுதி வெச்சிடணும்னு முதல் நாளே சொன்னேங்க" என்றார். "ஐயாதான் காசு ஆகும்னு வேண்டாம்னுட்டாரு."